மிதக்கும் மாளிகையில் யார் மேலே, யார் கீழே?

அய்யம்பாளையம்



மருதாநதிப் பாசனத்துத் தோப்பில் தேங்காய் உரிக்கும் தோழருக்கும், தாண்டிக்குடி மலையில் காப்பிப் பழம் பறிக்கும் சகோதரிக்கும், வத்தலக்குண்டுப் பக்கத்து நூற்பாலையில் இராத்திரி ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கும் கப்பலைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அய்யம்பாளையத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மலை. கடல் எந்தத் திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆனால் கப்பல் நம்மைத் தேடி வருகிறது. டெலிவிஷனிலும் கைப்போனிலும் விளம்பரமாக வருகிறது. கேட்டரிங் படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளிடம், 'கப்பலில் டாலர் சம்பளம்' என்று சொல்லும் ஏஜெண்டாக வருகிறது. சர்க்கார் கஜானாவிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பணமாகவும் வருகிறது. ஆகவே அந்தக் கப்பலின் தளங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால், நாம் தினமும் பார்க்கிற காரியம்தான் அங்கேயும் நடக்கிறது என்பது விளங்கும்.

சென்னைக்கு வந்த கப்பல்

2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 'கார்டீலியா' என்ற கம்பெனி நடத்துகிற கப்பல் அது. 1990-இல் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் பல காலம் ஓடிய பழைய கப்பல். 48,563 டன். பதினோரு தளம். சுமார் 800 அறை. நீச்சல் குளம், நாடக அரங்கு, மதுக்கடை, சூதாட்ட அறை எல்லாம் உண்டு. 2023 ஜூன் 5-ஆம் தேதி அதே கப்பலை மத்திய மந்திரி இலங்கைக்கு வழியனுப்பினார். அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகம். இந்தியாவின் முதல் சர்வதேச சொகுசுக் கப்பல் என்று முழங்கினார்கள்.

இந்தக் கப்பலில் எல்லோரும் ஒரே அலையில்தான் ஆடுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே அறை கிடையாது. மலிவான டிக்கெட்டுக்குக் கிடைப்பது உள்பக்கத்து அறை. அதற்கு ஜன்னல் இல்லை. காசு கொடுத்துக் கடலுக்குப் போகிறவன் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கடல் தெரிகிற ஜன்னல். இன்னும் கொடுத்தால் நின்று காற்று வாங்கப் பால்கனி. அதற்கும் மேலே கொடுத்தால் பெரிய பெரிய அறைகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஓர் அறை இருக்கிறது. அதன் பெயரே 'சேர்மன்' அறை!

கடலும் காற்றும் வெயிலும் யாருடைய சொத்து? எந்த முதலாளி அவற்றை உற்பத்தி செய்தான்? ஆனாலும் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, சுவரில் ஒரு துவாரம் போட்டு, துவாரத்தின் அளவுக்குத் தக்கபடி காசு வாங்க முடிகிறது. சொகுசு வியாபாரத்தின் முதல் பாடம் இதுதான். முதலில் பறித்துக்கொள், பிறகு பறித்ததையே விலைக்குக் கொடு.

வரிசையை உண்டாக்கி வரிசையை விற்பது

இந்தப் பாடத்தை நாம் கப்பலில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. பழனி மலையடிவாரத்தில் நின்றாலே போதும். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிப் பத்து நாள் நடந்து வந்தவன் தர்ம தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறான். காரில் வந்தவன் கட்டண வரிசையில் நுழைந்து முன்னால் நிற்கிறான். சாமி ஒன்றுதான், வழி வேறு. இலவச வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டால் கட்டணச் சீட்டை யார் வாங்குவான்? கூட்டத்தின் கால் வலிதான் சீட்டுக்கு விலை ஏற்றுகிறது. டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகள் இந்தக் கலையைச் சாஸ்திரமாகவே வளர்த்திருக்கின்றன. பழைய காலத்துக் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று எழுதியே வைத்திருந்தார்கள். ஆகாய விமானம் வந்து அந்தக் கப்பல்களின் பிழைப்பைக் கெடுத்தது. 1970-களிலிருந்து வளர்ந்த உல்லாசக் கப்பல்கள் நடுத்தரக் குடும்பங்களை இழுப்பதற்காக வகுப்புப் பலகையைக் கழற்றிவிட்டன. அறை சின்னதோ பெரிதோ, குளமும் சாப்பாட்டு மண்டபமும் எல்லோருக்கும் பொது என்றன. கூட்டம் சேர்ந்தது. கப்பல்கள் பெருத்தன.

கூட்டம் சேர்ந்த பிறகு என்ன செய்தார்கள்? அந்தக் கூட்டத்தையே காட்டிப் பணக்காரனிடம் புதிய சரக்கு விற்றார்கள். 2008-இல் எம்.எஸ்.சி. என்ற கம்பெனி, 'பாண்டசியா' என்ற தன் கப்பலுக்குள் 'யாட் கிளப்' என்று தனிப் பகுதி ஒன்றைத் திறந்தது. நார்வீஜியன் கம்பெனி 'ஹேவன்' என்று பெயர் வைத்தது. தனிச் சாவி அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே தனிக் குளம், தனிச் சாப்பாட்டு அறை, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரத் தனி வேலையாள். கப்பலில் ஏறும்போது தனி வழி. இறங்கும்போது முதல் வழி. கப்பலுக்குள் இன்னொரு கப்பல் என்று அவர்களே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள்.

2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி சீஸ்' என்ற கப்பலில் இருபது தளம். நெருக்கி ஏற்றினால் ஏழாயிரத்து அறுநூறு பிரயாணிகள். அவர்களுக்கு ஊழியம் செய்ய 2,350 தொழிலாளர்கள். நம்முடைய ஒரு பஞ்சாயத்தே தண்ணீரில் மிதப்பது போல. அந்தப் பஞ்சாயத்திலும் மேலத்தெரு உண்டு, கீழத்தெரு உண்டு.

தனிக் குளத்தில் உள்ள தண்ணீர் பொதுக் குளத்துத் தண்ணீரைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? ஒரு விதத்திலும் இல்லை. பிறகு எதற்கு ஒருவன் பல மடங்கு பணம் கொடுக்கிறான்? கதவுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் நிற்க, தான் இந்தப் பக்கம் இருப்பதற்கு. அவன் வாங்குகிற சரக்கு, மற்ற மனிதனிடமிருந்து தனக்குள்ள தூரம். அந்தத் தூரம் ஆயிரம் பேர் வெளியே நின்றால்தான் கிடைக்கும். அதாவது, ஜன்னல் இல்லாத அறைக்காரன் தன் டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, மேல்தளத்துக்காரனின் சொகுசுக்குக் கச்சாப் பொருளாகவும் இருக்கிறான்!

கப்பல் மூழ்கினால் தெரியும் கணக்கு

'இது காசுள்ளவன் விளையாட்டு, நமக்கென்ன?' என்று தள்ளிவிட முடியாது. அலை அமைதியாக இருக்கும்வரை வகுப்பு என்பது மெத்தையும் சாப்பாடும். ஆபத்து வந்தால் வகுப்பு என்பது உயிர்.

1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கியது. பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷன் எழுதிவைத்த கணக்கு இது: முதல் வகுப்பில் 325 பேர், பிழைத்தவர் 203. மூன்றாம் வகுப்பில் 706 பேர், பிழைத்தவர் 178. கப்பல் சிப்பந்திகள் 885 பேர், பிழைத்தவர் 212. மேலே இருந்தவர்களில் ஐந்து பேருக்கு மூன்று பேர் கரையேறினார்கள். கீழே இருந்தவர்களிலும் வேலை செய்தவர்களிலும் நான்கு பேருக்கு ஒருவர்தான். பனிப்பாறைக்கு வகுப்பு தெரியாது. ஆனால் உயிர்காக்கும் படகுகள் மேல்தளத்தில் இருந்தன. அங்கே போகும் வழி மூன்றாம் வகுப்புக்காரனுக்கு நீளமாகவும் சுற்றாகவும் இருந்தது.

அது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்பீர்கள். 2020-க்கு வாருங்கள். பிப்ரவரி மாதம். ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற கப்பல் நிறுத்தப்பட்டது. உள்ளே கொரோனா. மொத்தம் 3,711 பேர்: 2,666 பிரயாணிகள், 1,045 தொழிலாளர்கள். ஜப்பான் சர்க்கார் உத்தரவு போட்டது: பிரயாணிகள் இரண்டு வாரம் தங்கள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பால்கனி உள்ளவர்கள் கடல் காற்றை வாங்கினார்கள். ஜன்னல் இல்லாத அறைக்காரர்களை முறைவைத்துக் கொஞ்ச நேரம் தளத்தில் நடக்க விட்டார்கள். தொழிலாளர்கள்?

அவர்களுக்குத் தனியறை எங்கே இருக்கிறது? சேர்ந்து தங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், கழிப்பறையையும் பங்கிட்டுக்கொண்டார்கள். பூட்டிய அறைகளின் வாசலில் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய் வைத்தார்கள். தொற்று ஆரம்பித்த நாட்களில் நோய் உறுதியான முதல் இருபது தொழிலாளர்களில் பதினைந்து பேர் சாப்பாட்டுப் பகுதியில் வேலை செய்தவர்கள் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிக்கை சொல்லுகிறது. அந்த இருபது பேரில் பதினாறு பேர், சாப்பாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த மூன்றாம் தளத்துக்காரர்கள். கடைசியில் கப்பலில் நோய் கண்டவர்கள் 712 பேர்.

அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர் இருந்தார்கள். அவர்களில் பிரயாணிகள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு பேர். மீதி 132 பேரும் தொழிலாளர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. கைப்போனில் முகத்தைக் காட்டி, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர்கள் மன்றாடியதை நாடே பார்த்தது. இந்த ஒரு கணக்கே போதும். உலகத்துச் சொகுசுக் கப்பலில் நம்முடைய நாட்டுக்கு எந்தத் தளம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை 138-க்கு 132 என்ற கணக்கு சொல்லிவிடுகிறது.

நீர்மட்டத்துக்குக் கீழே

விளம்பரப் படத்தில் நீலக் கடல் தெரியும், வெள்ளைக் கப்பல் தெரியும், சிரித்த முகம் தெரியும். துணி வெளுக்கும் அறை தெரியாது. பாத்திரம் கழுவும் அறை தெரியாது. இயந்திர அறையின் சூடு தெரியாது. நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் உள்ள தளங்களில், ஜன்னல் இல்லாத சிறு அறைகளில், அடுக்குக் கட்டிலில் இரண்டு பேர், சில இடங்களில் அதற்கு மேலும் சேர்ந்து படுக்கிறார்கள். வேலை வாரத்தில் ஏழு நாள். நாளொன்றுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி. ஒப்பந்தம் ஆறு மாதம், எட்டு மாதம், பத்து மாதம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தால், அடுத்த ஒப்பந்தம் வரும்வரை பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ஆம் வருஷத்துக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் 2015-இல் ஒப்புக்கொண்டது. அந்த உடன்படிக்கை ஒரு வழியாகச் சொல்வது, வாரத்துக்கு 72 மணிக்கு மேல் வேலை கூடாது என்று. இன்னொரு வழியாகச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 77 மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று. இரண்டில் எதை வேண்டுமானாலும் ஒரு நாடு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி. அதில் 77 போனால் 91. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டம் வாய் திறக்காது!

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த எண்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால், 1923-இல், அதே நாளில்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். கரையில் சங்கம் இருந்ததால் பன்னிரண்டு மணி மசோதா பத்து நாள்தான் நின்றது. கடலில்?

கடலில் முதலாளியைத் தேடுவதே பெரும்பாடு. ராயல் கரீபியன் கம்பெனியின் தலைமை அலுவலகம் அமெரிக்காவில் மயாமி நகரத்தில். பதிவோ ஆப்பிரிக்காவில் லைபீரியாவில். நார்வீஜியனும் மயாமிக் கம்பெனிதான். பதிவு பெர்முடாத் தீவில். கார்னிவல் பனாமாவில் அமைக்கப்பட்ட கம்பெனி. கப்பல்களின் கொடியோ பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா என்று எங்கே வரி குறைவோ எங்கே தொழிலாளர் சட்டம் தளர்ச்சியோ அங்கே. பிரயாணி அமெரிக்கன், கொடி பஹாமாஸ், தொழிலாளி இந்தியன், பிலிப்பினோ, இந்தோனேஷியன். சம்பளத் தகராறு வந்தால் எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போவது? வத்தலக்குண்டுப் பிள்ளை நாசோ நகரத்தில் வக்கீல் வைக்கவா?

மில் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருக்கும் நம் பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். வேலை செய்யும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றே. கேட்டைத் தாண்ட அனுமதி வேண்டும். சூப்பர்வைசரின் கண் சாப்பாட்டு நேரத்திலும் மேலே இருக்கும். கப்பல் என்பது கேட்டுக்கு வெளியே கடல் உள்ள மில்.

இந்த மலையைக் கேளுங்கள்

நம் தலைக்கு மேலே நிற்கும் பழனி மலைத் தொடரே இதற்குப் பழைய சாட்சி. 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் கோடைக்கானலில் பங்களா கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உண்டாக்கினார். வத்தலக்குண்டு வழியாகப் போகும் மலைச்சாலை 1914-இல்தான் திறந்தது. அதுவரை துரைமார்களும் துரைசாணிகளும் எப்படி மேலே போனார்கள்? பெரியகுளம் அடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் இறங்கி, நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து, கூலிகளின் தோளில் ஏறிப் போனார்கள். பெட்டி, படுக்கை, பியானோ எல்லாம் மனிதத் தலையில் போயிற்று. மேலே குளிர், ரோஜாத் தோட்டம், கிளப். கீழே தோள் காய்த்த மனிதன்.

இன்றைக்கு டோலி இல்லை. ஆனால் மேலே சொகுசு, கீழே சுமக்கிறவன் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. கப்பலில் அதையே தளம் தளமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அன்று துரை தன்னைச் சுமந்த கூலியின் முதுகையாவது பார்த்தார். இன்று மேல்தளத்துக்காரன் பார்க்காமலே இருக்கும்படி வேலைக்காரனுக்குத் தனி மாடிப்படி, தனி நடைவழி வைத்துக் கட்டுகிறார்கள். சுமக்கிறவன் கண்ணில் படாமல் இருப்பதும் டிக்கெட் விலையில் சேர்த்தி.

யார் பணம், யாருக்குக் கப்பல்?

அவர்கள் காசு, அவர்கள் அனுபவிக்கட்டும் என்று சொல்ல முடியுமா? அவர்கள் காசு மட்டுமா அது? சென்னைத் துறைமுகம் சொகுசுக் கப்பல் பிரயாணிகளின் வசதிக்காக முனையத்தைப் புதுப்பிக்கச் செலவழித்தது 17 கோடி ரூபாய்க்கு மேல். துறைமுகம் பொதுச் சொத்து. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் சொகுசுக் கப்பல் சுற்றுலாவை வளர்க்கவென்றே தனி இயக்கம் ஆரம்பித்தது. 2029-க்குள் இந்தப் பிரயாணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் லட்சியம்.

2023 ஜனவரி 13-ஆம் தேதி பிரதமரே கொடியசைத்தார், 'கங்கா விலாஸ்' என்ற நதிக் கப்பலுக்கு. காசியிலிருந்து அசாமில் உள்ள திப்ருகர் வரை 51 நாள் பயணம். பதினெட்டு அறை, முப்பத்தாறு பிரயாணிகள். முழுப் பயணத்துக்கு ஆளுக்குச் சுமார் இருபது லட்சம் ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி 281 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கொடுத்து, ஒரு பைசா செலவழிக்காமல் ஒரு விவசாயத் தொழிலாளி சேர்த்து வைத்தாலும், அந்த ஒரு டிக்கெட்டுக்கு எழுபத்தொரு வருஷம் ஆகும்!

இனி, ஜனங்களின் கப்பல் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பலை நம் பாட்டன்மார் அறிவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. வெறும் 8,478 டன். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை அடைக்க வெள்ளைக்காரக் கம்பெனிக்கு அனுமதி இருந்தது! ஒரு சிலருக்கு மட்டும் முதல் வகுப்பு அறை. மற்றவர்களுக்கு இரும்புத் தளமும் கையில் கொண்டுபோன பாயும். மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளை அள்ளிக்கொண்டு போன வழி அதுதான். கூலிகளைத் திரட்டி அனுப்புவதை 1938-இல்தான் இந்திய சர்க்கார் தடை செய்தது. 'எம்ப்ரஸ்' அந்தக் கப்பலைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் பெரிது. ஏறுகிற ஜனம் அதில் பாதிகூட இல்லை. இடம் யாருக்கு, நெரிசல் யாருக்கு என்பது அன்றும் இன்றும் காசுக்காரன் கையில்.

ரஜூலா 1973-இல் ஓய்ந்தது. அரசுக் கம்பெனியின் 'சிதம்பரம்' கப்பல் அதே வழியில் ஓடி, 1985-இல் தீ விபத்துக்குப் பின் நின்றது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் போன கப்பலும் இலங்கையில் போர் மூண்ட 1980-களில் நின்றது. நாற்பது வருஷம் கழித்து, 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 150 பேர் போகக்கூடிய சிறு கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டு 16-இல். சொந்தக்காரனைப் பார்க்க, மூட்டையோடு போய்வர, ஏழைக்குக் கப்பல் கிடைப்பது இவ்வளவு பாடு. அந்த இடைவெளியில், 2023 ஜூன் மாதமே, அதே காங்கேசன்துறைக்குச் சொகுசுக் கப்பல் போய் நின்றுவிட்டது! 1990-இல் போரினால் விரட்டப்பட்ட வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் பல, ராணுவத்தின் பிடியில் இருந்த தங்கள் நிலத்தைக் கேட்டு அப்போதும் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

கப்பல் விட்ட தமிழன் என்றால் வ.உ.சி. 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஜனங்கள் மலிவாகப் போக முடிந்தது. ஆனால் அவர் கப்பலோடு நிற்கவில்லை. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குச் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தலைமை தாங்கினார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. சில நாளில் சிறை கிடைத்தது. கப்பலையும் மில்லையும் ஒரே போராட்டமாகப் பார்த்த மனிதர் அவர். சொகுசுக் கப்பல் கொடியசைப்பு விழாக்களில் அவருடைய கப்பலைப் பற்றிப் பேசலாம். கோரல் மில்லைப் பற்றிப் பேச வாய் வருமா?

ஆட்சேபங்களுக்குப் பதில்

'கப்பல் வந்தால் வேலை வருகிறதே, அதையும் கெடுக்கிறீர்களா?' என்று சிலர் கேட்பார்கள். வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மழை பொய்த்தால் தோப்பு வேலையும் இல்லாத ஊரில், கப்பலுக்குப் போகும் பிள்ளையைக் குறை சொல்லும் உரிமை எவனுக்கும் கிடையாது. அவன் அனுப்பும் பணத்தில் தங்கை கல்யாணம் நடக்கிறது, ஓட்டு வீடு மெத்தை வீடாகிறது. அது அவன் வியர்வை. அந்த வியர்வைக்கு நியாயமான நேரமும் சம்பளமும் பாதுகாப்பும் வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

'உழைப்பாளி உல்லாசப் பிரயாணத்துக்கே எதிரியா?' என்றும் கேட்பார்கள். அதுவும் இல்லை. வருஷம் முழுவதும் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிற நெஞ்சுக்குக் கடல் காற்று யாரைவிடவும் அதிகம் தேவை. கால் காணி பயிர் வைத்தவனும் மனைவி மக்களோடு நாலு நாள் கடலைப் பார்த்துவிட்டு வர ஆசைப்படலாம். ஜன்னல் இல்லாத அறைக்குக் காசு சேர்க்கும் குடும்பத்தைப் பார்த்து நாம் சிரிக்க மாட்டோம். கடலை அறை அறையாக அடைத்து விற்கிறவன் மேல்தான் நமக்குக் கோபம்.

செய்ய வேண்டியது

வீட்டில் கப்பல் வேலைக்குப் புறப்படும் பிள்ளை இருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்கு மத்திய சர்க்காரின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் கொடுத்த லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். சரிதானா என்று அந்த அலுவலகத்தின் பட்டியலில் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், டாக்டர் சர்டிபிகேட் செலவு மட்டும்தான் நம்முடையது. லட்ச ரூபாய் கேட்கிறவன் வேலை கொடுக்கிறவன் அல்ல, வலை போடுகிறவன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மணி நேரம், மிகை நேரச் சம்பளம், ஊர் திரும்பும் செலவு மூன்றையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பல் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சர்க்காரிடம் கேட்க வேண்டியது. பொதுப் பணத்தில் துறைமுகம் கட்டினால், அதில் முதல் இடம் ஜனங்களின் கப்பலுக்கு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தடையில்லாமல், ஏழைக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் ஓட வேண்டும். தமிழ்நாட்டுத் துறைமுகத்தில் வந்து நிற்கிற சொகுசுக் கப்பல் எந்தக் கொடி பறந்தாலும், அதன் கீழ்த்தளத்தில் நம் அதிகாரிகள் இறங்கி வேலை நேரப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மேல்தளத்தில் மாலை போட்டுக்கொண்டு திரும்பினால் போதாது.

மூன்றாவது, நமக்குள். மில்லில் தற்காலிகத் தொழிலாளி, நிரந்தரத் தொழிலாளி, வெளிமாநிலத் தொழிலாளி என்று தளம் தளமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தோப்பில் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. தன்னைவிட ஒரு படி கீழே ஒருவன் இருக்கிறான் என்ற திருப்தியில் ஒவ்வொருவனும் மேலே உள்ளவனைக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூது. கப்பல் விளம்பரம் பணக்காரனுக்கு விற்பதும் அதே திருப்தியைத்தான்.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! இயந்திர அறைத் தொழிலாளி கையை எடுத்தால் 'சேர்மன்' அறையில் விளக்கு எரியாது. சமையல் தொழிலாளி கையை எடுத்தால் தனிச் சாப்பாட்டு அறையில் தட்டு காலி. சலவைத் தொழிலாளி கையை எடுத்தால் வெள்ளை விரிப்பு இல்லை. இருபது தளமும் நிற்பது அடித்தளத்தின் மேல். அடித்தளத்தில் இருப்பவர்கள் எத்தனை நாட்டுக்காரர்களாக இருந்தாலும் ஒரே குரலில் பேசினால், கதவுக்குச் சாவி அட்டை தேவைப்படாது. கரையில் இருக்கும் நம்முடைய சங்கமும் அந்தக் குரலோடு சேர வேண்டும். அய்யம்பாளையத்திலிருந்து கடல் தூரம்தான். கடலில் உழைக்கிறவன் நமக்குத் தூரமில்லை.